தோல் உறையில் ஒரு ஸ்டாம்ப் பொட்டி

ஒரே வீட்டில் இருக்கும் ஒருவரை எந்த உறவுமுறையும் சொல்லிக் கூப்பிடாமல் காலம் தள்ளுவது லேசான காரியம் இல்லை. அதற்குத் தனித் திறமை வேண்டும். என் கணவரின் மகளுக்கு அந்தத் திறமை இருந்தது. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என்னிடம் அவள் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். ஆனால் அந்த வாங்கவுக்கு முன்னால் ஒரு சொல் வர வேண்டும் இல்லையா, அது மட்டும் வராது. ஏதாவது வேண்டுமென்றால் என் கண்ணில் படுகிற இடத்தில் வந்து நிற்பாள். நான் கவனிக்காவிட்டால் தட்டை நகர்த்துவாள், குழாயைத் திறந்து மூடுவாள். ஒருநாள் நான் அவளுக்கு போன் போட்டபோது அது என் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒளிர்ந்தது. திரையில் என் எண் வெறும் எண்ணாக ஓடியது. பெயர் எதுவும் போடாமலே வைத்திருந்தாள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நாற்பதை நெருங்கும்போது கல்யாணம் செய்துகொண்டவள். பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு தையல் கோணினால் தூரத்தில் இருந்தே தெரிந்துவிடும். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கவும் தெரியாது. லைனில் இருக்கும் பெண்கள் எல்லாரும் என்னை அக்கா என்பார்கள். என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான். நாள் முழுக்க அக்கா, அக்கா என்று கேட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வேலூர் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்தால் நான் யாருமில்லை.

அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. அது இன்னொருத்தியின் சொல். எனக்கு சித்தி போதும். இல்லை, ஆன்ட்டி என்றாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். அதற்குள் சர்ச்சில் ஓர் அம்மாள் முந்திக்கொண்டார். ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது, அம்மான்னு கூப்பிட்டால் வாய் இன்னா தேஞ்சா போயிடும் என்று அவள் தாடையைப் பிடித்துக் கேட்டார். அவள் முகம் கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிட்டது. அதன் பிறகு வாங்க, போங்கவும் கம்மியானது. என் கணவர் நல்ல மனுஷன். ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை பார்க்கிறவர், கோப்புகளைப் போலவே எல்லாம் தானாக நகர்ந்து வரும் என்று நம்புகிறவர். விடு, வரும்போது வரும் என்பார். வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அவள் அதை ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். ஏதோ ஒரு நாட்டில் காடு மேடெல்லாம் ஆட்கள் சின்னப் பெட்டிகளை ஒளித்து வைக்கிறார்கள். பெட்டிக்குள் கையால் செதுக்கிய ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு குட்டி நோட்டும் இருக்கும். எங்கே ஒளித்தோம் என்பதை விடுகதை மாதிரி ஒரு குறிப்பாக எழுதி வெளியே விடுவார்கள். தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறவர்கள் அந்த ஸ்டாம்பைத் தங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். தங்கள் ஸ்டாம்பைப் பெட்டியின் நோட்டில் குத்த வேண்டும். பிறகு இருந்தது இருந்தபடியே ஒளித்துவிட்டு வந்துவிட வேண்டும். பரிசு கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. லெட்டர்பாக்ஸிங் என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் அது ஸ்டாம்ப் பொட்டி ஆகிவிட்டது.

அவளும் அவள் வகுப்புத் தோழிகள் சிலரும் முதலில் ஆரம்பித்தார்கள். குறிப்புகளைப் போடுவதற்கு போனில் ஒரு பக்கம் திறந்தார்கள். கொஞ்ச நாளில் காட்பாடி காலேஜ் பசங்கள் அதைப் பார்த்துவிட்டு, வேலை வெட்டி இல்லாமலோ என்னவோ, அவர்களும் பெட்டிகளை ஒளித்துக் குறிப்புகளைப் போட ஆரம்பித்தார்கள். யார் எவர் என்று யாருக்கும் தெரியாது. அவரவருக்கு அவரவர் ஸ்டாம்ப்தான் முகம். இவளுடையது அணில்.

பென்சில் அழிக்கிற ரப்பரில் செதுக்கினால் உதிர்ந்து போகிறது என்று அவள் அப்பாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்டேஷனரி கடைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். மறுநாள் அவள் ஃபிரிட்ஜின் முன்னால் வந்து நின்று, ஃபிரிட்ஜைப் பார்த்து, கம்பெனியில் ரப்பர் ஷீட் கிடைக்குமா என்று கேட்டாள். நானும் ஃபிரிட்ஜைப் பார்த்துக் கிடைக்கும் என்றேன். ஷூவின் அடிப்பாகம் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள் கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேனேஜரிடம் கேட்டு வாங்கி, கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு எடுத்து வந்தேன். இதைக்கூட விடமாட்டியாக்கா என்று செக்யூரிட்டி பெண் சிரித்தாள். வீட்டில் அவள் ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள், தேங்க்ஸ் என்றாள். அந்தத் தேங்க்ஸுக்குப் பின்னாலும் ஒரு சொல் வரவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் திறந்திருந்தது.

தேடிப் போவதற்குப் பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டும் என்று தோழிகள் வீடுகளில் சொல்லிவிட்டார்கள். இவளுக்கு அப்பாதான் போவதாக இருந்தது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை. ஒருமுறை போய்விட்டு வந்து, காலில் குத்திய முள்ளை ஒரு வாரம் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு நான் வருகிறேன் என்றேன். ஸ்டாம்ப் இல்லாமல் யாரும் வரக்கூடாது, அது ரூல் என்றாள் அவள். தட்டிக் கழிக்கிறாளோ என்று எனக்கு சந்தேகம். அன்றைக்கே உட்கார்ந்து, தோலின் ஓரம் சீவுகிற கத்தியால் நூல் வெட்டும் குட்டிக் கத்தரிக்கோல் ஒன்றைச் செதுக்கினேன். நாள் முழுக்க என் விரலோடு ஒட்டிக்கொண்டே கிடக்கிற கருவி அது. இங்க் பேடில் ஒற்றிக் காகிதத்தில் குத்திக் காட்டினேன். அவள் அதைத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

முதலில் போனது காட்பாடிக்கு. ரயில் சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. தண்ணீர் இல்லாத கிணற்றுக்கு முதுகைக் காட்டி நில். முட்டி போடாமல் கிடைக்காது என்று குறிப்பு. குன்றின் அடியில் பாழுங்கிணறு ஒன்று இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே கல் குவியல். இரண்டு பேரும் முட்டி போட்டுச் சந்துகளில் கையை விட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து ஆடு ஓட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். வேறு ஆட்களுக்குப் பெட்டியைக் காட்டக்கூடாது என்பதும் ரூல். நான் பதறிப்போய், கம்மல் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பவுனா என்று கேட்டவர் ஆட்டை எல்லாம் அப்படியே விட்டுவிட்டுத் தேட உட்கார்ந்துவிட்டார். பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பதியையும் நிறுத்தினார். அவர்களும் இறங்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கமாக மண்ணைத் துழாவ ஆரம்பித்தார்கள். அப்போதுதான் இவள் என் காதைப் பார்த்தாள். இரண்டு கம்மலும் இரண்டு காதில் பத்திரமாக இருந்தன. அவள் தன் காதைத் தொட்டு ஜாடை காட்டினாள். நான் சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன், ஜெபத்துக்கு உட்கார்ந்தது மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல நடித்து, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நான் முந்தானைக்குள் ஒரு கம்மலைக் கழற்றி, மண்ணில் இருந்து எடுத்ததுபோல் காட்டினேன். எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். திருகாணியை மாற்றச் சொல்லி ஆட்டுக்கார அம்மா எனக்கு நல்ல டோஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் மறைந்த பிறகு, அவள் ஒரு கல்லை நகர்த்திப் பெட்டியை எடுத்தாள். இருக்கும் இடம் அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. "இன்னா பொய்! வேற எதுவும் கெடைக்கலியா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்ததில் இருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எங்களுக்கு என்று ஆகிவிட்டன. சர்ச்சில் இருந்து வந்து, சாப்பிட்ட கையோடு ஸ்கூட்டியை எடுத்துவிடுவோம். கலவை ஊர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் பனைமரத்தடியில் கிடைத்தது. ஆம்பூரில் என் கம்பெனி பஸ் தினமும் தாண்டுகிற மதகின் ஓரத்திலேயே ஒன்று இருந்திருக்கிறது. எத்தனை வாரம் அதன் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டு போயிருக்கிறேனோ. சில நாள் வெயிலில் அலைந்து ஒன்றும் கிடைக்காமல் கரும்பு ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்புவோம். வழியெல்லாம் பேச்சு குறிப்புகளைப் பற்றித்தான். வடக்கு என்று போட்டவன் திசை தெரியாதவன், மூன்றாவது பாறை என்றால் எதில் இருந்து எண்ணுவது, இப்படி.

பெட்டிகளின் நோட்டுகளில் அவள் முதலில் அணிலைக் குத்துவாள். நான் பக்கத்தில் கத்தரிக்கோலைக் குத்துவேன். எனக்கு அதில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும், பாப்பாவுக்கு நீங்க யாரு என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவள் வேறு பக்கம் பார்ப்பாள். இந்த நோட்டுகளில் அந்தக் கேள்வி கிடையாது. அணிலும் கத்தரிக்கோலும் சேர்ந்து வந்தன, சேர்ந்து போயின, அவ்வளவுதான். அணில் வந்திருக்கிறது என்றால் கத்தரியும் வந்திருக்கும் என்று காட்பாடிப் பசங்களில் ஒருவன் போனில் எழுதியிருந்தான். அவள் அதை எனக்குக் காட்டினாள். நான் அன்று ராத்திரி குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

அதுவரை அவள் மற்றவர்களின் பெட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். தனக்கென்று ஒன்றை ஒளிக்கவில்லை. பரீட்சை லீவில்தான் ஆரம்பித்தாள். பெரிய ரப்பர் துண்டாகக் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் செதுக்கினாள். ஒரு மாலை அவளே கொண்டுவந்து, காகிதத்தில் குத்திக் காட்டினாள். ஒரு மூக்குக்கண்ணாடி. வட்ட வட்டமாக இரண்டு சில்லு, நடுவில் மெல்லிய பாலம். செதுக்கு வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. காதில் மாட்டுகிற ஒரு கம்பி மட்டும் கோணிக்கொண்டு மேலே தூக்கியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. கோணலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது என் பிறவியிலேயே கிடையாது. என்னவோ அன்றைக்கு வாயைத் திறக்காமல், நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன்.

பிறகு என் கணவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் முதல் மனைவியின் கண்ணாடி. ஒருமுறை இவர் அதன் மேல் உட்கார்ந்துவிட்டாராம். கம்பி வளைந்துவிட்டது. மாற்றிக்கொள் என்று இவர் எத்தனை சொல்லியும் கேட்காமல், அந்த அம்மா கடைசி வரைக்கும் அந்தக் கோணல் கண்ணாடியையே போட்டுக்கொண்டு பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனாராம். போட்டோவுக்கு நிற்கும்போது மட்டும் கழற்றிவிடுவாராம். அதனால் அது எந்தப் போட்டோவிலும் இல்லை. இவள் அதை ஞாபகத்தில் இருந்து செதுக்கியிருந்தாள்.

எனக்குப் பொறாமை வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். செத்துப்போன ஒருத்தியோடு போட்டி போட்டு யாராவது ஜெயிக்க முடியுமா? சமையலறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். அழுது முடித்த பிறகு வேறொன்று தோன்றியது. அவள் இதை முதலில் கொண்டுவந்து காட்டியது அப்பாவிடம் இல்லை, என்னிடம். கோணலை நிமிர்த்தச் சொல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

எல்லாரும் பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றித்தான் ஒளிப்பார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஊரெல்லாம் உலகத்துக்கே தோல் செய்து அனுப்புகிற இடத்தில் இருந்துகொண்டு, இந்தப் பெட்டிக்கு மளிகைக்கடைக் கவரா? சாம்பிள் ரூமில் கேட்டு, எண்ணெய் ஊட்டிய நல்ல மாட்டுத்தோலில் ஒரு துண்டு வாங்கினேன். தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடும் தோல். சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து, பெட்டியின் அளவுக்கு மூடி வைத்த உறை ஒன்று தைத்தேன். ஓரத்துக்கு இரட்டைத் தையல், இழுத்துக் கட்ட ஒரு வார். லைனில் இருந்த பெண்கள் ஒருவர் கையில் இருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். இவளும் வாங்கித் தடவிப் பார்த்தாள். தையலில் விரலை ஓட்டினாள். பெட்டியாக வைத்திருந்த டிபன் டப்பாவை அதற்குள் வைத்துக் கட்டினாள். அன்று இரவு அதைத் தன் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஒளித்த இடம் அணைக்கட்டு ஊருக்குப் போகிற வழியில் உள்ள ஒரு குன்று. அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் அம்மா டீச்சராக இருந்தாராம். சனிக்கிழமைகளில் இவளையும் கூட்டிப் போவாராம், இவள் அந்தப் பாறைகளில் ஏறி விளையாடுவாளாம். இதுவும் அவள் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒளிக்கிறவருக்கு மட்டும்தான் இடம் தெரிய வேண்டும் என்பதால் என்னைக் கீழேயே நிற்க வைத்து, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் ஏறினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் வரும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள்.

காட்பாடிப் பசங்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். கண்ணாடி ஸ்டாம்ப் குத்திய பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, ஊரிலேயே இதுதான் பெஸ்ட் ஸ்டாம்ப் என்று எழுதினார்கள். அவள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய்விட்டு வந்து எழுதினார்: குறிப்பு சரியாக இருக்கிறது, பாறையும் இருக்கிறது, பெட்டி இல்லை.

அவள் அழவில்லை. எங்கேயும் போகவில்லை, யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் அளைந்துவிட்டு எழுந்து போனாள். அந்த ஸ்டாம்புக்கு வேறு நகல் கிடையாது. காகிதத்தில் அச்சு இருந்தாலும், ஞாபகத்தில் இருந்து செதுக்கியதை மறுபடியும் அதேபோல் செதுக்க வருமா என்று அவளுக்கே பயம். யாரோ உறைக்கு ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று என் கணவர் சொன்னார். அவ்வளவு நல்ல தோல், பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று வேறு சேர்த்துக்கொண்டார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாள் அங்குலம் அங்குலமாக வந்தது எல்லாம் இந்த ஓர் உறையோடு போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை. லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை இடத்தைக் காட்டினாள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பாறைகள், நடுவே ஒரு பொந்து. பொந்தின் வாயில் மண் பறித்துப் போட்டிருந்தது. வேலிகாத்தான் முட்புதரின் அடியில் என் உறையின் வார் கிடந்தது. குனிந்து எடுத்தேன். மென்று துப்பியிருந்தது. பல் பதிந்த குழிகள் வரிசையாகத் தெரிந்தன.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தொழிற்சாலை ஓரங்களில் தெருநாய்கள் தோல் துண்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மென்றுகொண்டிருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. காரணம் எனக்கு அந்த வாசனையே தெரியாது. வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கம் வந்தால் பஸ் ஜன்னலைச் சாத்துவார்கள். இன்னா நாத்தம் என்பார்கள். நாங்கள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்போம். பிறந்ததில் இருந்து சுவாசித்து எங்கள் மூக்கு மரத்துப்போய்விட்டது. மாட்டுத்தோலுக்கு எண்ணெய் வேறு ஊட்டி, விருந்து வைப்பதுபோல் நாய்கள் திரிகிற குன்றில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். வீட்டில் மூன்று பேர், கம்பெனியில் ஒரு லைன் முழுக்கப் பெண்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அவளிடம் அப்படியே சொன்னேன். யாரும் திருடவில்லை, நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, என் தோலால்தான் போயிற்று என்று. அவள் வாரை என் கையில் இருந்து வாங்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் தேவலை என்று இருந்தது. தேடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாறையின் இடது பக்கமாகப் போனாள். நான் வலது பக்கமாக ஏறினேன்.

அதுவரை எந்தக் குன்றிலும் நாங்கள் பிரிந்து தேடியதில்லை. எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்போம். இந்த முறை குறிப்பு கிடையாது, நாய் எந்தப் பக்கம் போனது என்று யார் எழுதி வைத்தார்கள்? முள்ளில் புடவை கிழிய, கையை ஊன்றி ஊன்றி ஏறினேன். மேலே பெரிய பாறை ஒன்று குடை பிடித்ததுபோல் கவிந்திருந்தது. அதன் அடியில் நாய்கள் படுத்து எழுந்த தடம். ஒற்றைச் செருப்பு, எலும்பு, தேங்காய் ஓடு. எல்லாவற்றுக்கும் நடுவில் என் உறை கிழிந்து சுருண்டு கிடந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவினேன். டிபன் டப்பா விரலில் தட்டியது. இழுத்தேன். மூடியின் ஓரமெல்லாம் கடித்திருந்தது, ஆனால் திறக்கவில்லை. காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே ரப்பர் உருண்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது கீழே இருந்து அவள் குரல் வந்தது. கேக்குதா என்றாள். எங்க இருக்கீங்க என்றாள். குரல் பாறையில் மோதி வேறு பக்கம் போயிற்று. அவள் எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஆளில்லாத குன்றில் யாரைப் பார்த்துத் தட்டை நகர்த்துவது, எந்தக் குழாயைத் திறந்து மூடுவது?

"சித்தி!"

நான் பதில் சொல்லவில்லை. டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்தப் பாறைக்கு அடியில் முதுகு வளைந்தபடி அப்படியே நின்றேன். இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று இருந்தது. ஒரே ஒருமுறை.

கூப்பிட்டாள். இந்த முறை இன்னும் நீளமாக. மூன்றாவது முறை கூப்பிட்டபோது குரல் உடைந்துவிட்டது. அதை என்னால் தாங்க முடியவில்லை. இதோ இருக்கேன், இதோ வரேன் என்று கத்திக்கொண்டே சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். அவளும் ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். டப்பாவை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. என் கையை, காலை, நெற்றியை எல்லாம் பார்த்தாள். எங்கேயாவது விழுந்துவிட்டேனா என்று பார்த்தாள்.

"அவ்ளோ கத்தறேன், வாயத் தொறந்து ஒரு பதில் சொல்லக்கூடாதா?" என்று அழுகையோடு சண்டைக்கு வந்தாள்.

காதில் விழவில்லை என்று பொய் சொன்னேன்.

"பொய். நல்லா விழுந்திருக்கும்."

"இன்னான்னு கூப்ட்ட?" என்று கேட்டேன்.

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். என் பொய்களை எல்லாம் காட்பாடியில் இருந்தே அறிந்தவள். இதுவும் புரிந்துவிட்டது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டப்பாவை என் கையில் இருந்து வாங்கி இடுக்கிக்கொண்டாள். இறங்குவதற்காக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கத்தாமல், வீட்டில் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாள்.

"சித்தின்னுதான். பாத்து வாங்க, கல்லு ஆடுது."